எல்நாவ், எல்நாவ்/விநாவ், எல்பிவி: நெல்லை வானத்தில் எதை நம்பி இறங்குவது?

தூத்துக்குடி விமான நிலையம் என்று பெயர் இருந்தாலும், வாகைக்குளம் நெல்லைக்காரர்களுக்கும் சொந்தமான ஓடுபாதைதான். ஐப்பசி, கார்த்திகையில் மேகம் தாழ்ந்து வரும்போது இப்படிப்பட்ட நிலையங்களில் இறங்கப்போகும் இளம் விமானிகளை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். செயற்கைக்கோள் வழி இறங்குமுறையின் வரைபடம் எந்த ஊருடையதாக இருந்தாலும், அதன் அடியில் பெரும்பாலும் எல்நாவ் (LNAV), எல்நாவ்/விநாவ் (LNAV/VNAV), எல்பிவி (LPV) என்று இரண்டு மூன்று வரிகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு குறைந்தபட்ச உயரம். பலர் அவற்றில் சிறிய எண்ணைத் தேடுகிறார்கள். பார்க்க வேண்டியது அதுவல்ல. பக்கவாட்டு வழியை மூன்றுக்கும் செயற்கைக்கோள்களே காட்டுகின்றன. விமானம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதை யார் சொல்கிறார்கள் என்பதில்தான் அவை பிரிகின்றன.

எல்நாவ் உயரத்தைப் பற்றி ஒன்றுமே சொல்லாது. இறுதிக் கட்டத்தில் நடுக்கோட்டிலிருந்து 0.3 கடல் மைல், அதாவது 556 மீட்டர் விலகினால் வழிகாட்டும் கருவியின் ஊசி ஓரத்துக்குப் போய்விடும். உயரத்தை விமானியே படிப்படியாகக் குறைத்து, குறிப்பிட்ட உயரத்துக்கு வந்ததும், ஓடுபாதை கண்ணில் படாதவரை அதற்குக் கீழே போகக் கூடாது. அந்த உயரம் பெரும்பாலும் தரையிலிருந்து 400 அடியாவது இருக்கும். படியில் குதிப்பதுபோல் இறங்காமல் ஒரே சரிவில் இறங்குவதே நல்ல பழக்கம். அதற்கு உதவியாகச் சில கருவிகள் தாமாகவே ஒரு சரிவுக்கோட்டை வரைந்து, எல்நாவ்+வி என்று காட்டும். இதில் மிகவும் கவனம் வேண்டும். அது ஆலோசனைக் கோடு மட்டுமே. குறைந்தபட்ச உயரத்துக்குக் கீழே அந்தக் கோட்டில் மரமோ கோபுரமோ குறுக்கிடாது என்று யாரும் உறுதி தரவில்லை.

எல்நாவ்/விநாவ் முறையில் முறையான சரிவுப்பாதை உண்டு. ஏர்பஸ், போயிங் போன்ற பெரிய விமானங்களில் பெரும்பாலானவை இதைக் காற்றழுத்த உயரமானியைக் கொண்டே கணக்கிடுகின்றன. செயற்கைக்கோள் சமிக்ஞையில் என்ன குழப்பம் நடந்தாலும் அழுத்தமானி அசையாது என்பது இதன் பலம். ஆனால் உயரமானியில் அன்றைய காற்றழுத்த எண்ணை உண்மையைவிடக் கூட்டித் திருகி வைத்தால், பாதை முழுவதுமே சத்தமில்லாமல் கீழே இறங்கிவிடும். 2022 மே 23 அன்று பாரிஸின் சார்ல் த கோல் நிலையத்தில் ஓர் ஏ320 விமானத்துக்கு 1001 என்று சொல்ல வேண்டிய இடத்தில் 1011 என்று சொல்லப்பட்டது. பத்து ஹெக்டோபாஸ்கல் என்றால் ஏறத்தாழ 280 அடி. ஊசிகள் எல்லாம் நடுவில் நிற்க, ஓடுபாதைக்கு ஒரு மைல்கூட இல்லாத தொலைவில் அந்த விமானம் தரைக்கு மேல் ஆறே அடி உயரம் வரை வந்து, பிறகு மேலே ஏறித் தப்பியது. மழையில் ஓடுபாதை தெரியாமல், குறைந்தபட்ச உயரம் வந்ததாக எண்ணி விமானிகள் மேலேறத் தொடங்கியிருந்ததால்தான் உயிர்கள் பிழைத்தன.

நம் ஊர் வெயிலுக்கும் இதில் பங்குண்டு. சித்திரையில் 40 பாகை வெப்பம் அடிக்கும்போது காற்று விரிந்து, உயரமானி காட்டுவதைவிட விமானம் உண்மையில் மேலே இருக்கும். 3 பாகைச் சரிவு ஏறத்தாழ 3.25 ஆகிவிடும். தடைகளுக்கு மேலே இருப்பதால் ஆபத்தில்லை. ஆனால் இறங்கும் வேகம் கூடும், வேகத்தைக் குறைப்பது கடினமாகும். குளிர்நாட்டு விமானிக்குக் கவலை நேர்மாறானது: அங்கே பாதை தாழும்.

எல்பிவி இந்தச் சிக்கலை வேரோடு தீர்க்கிறது. பக்கவாட்டையும் உயரத்தையும் செயற்கைக்கோளே தருகிறது. ஜிபிஎஸ் சமிக்ஞையைத் திருத்திக் கொடுப்பது நம் ககன் அமைப்பு. இஸ்ரோவும் இந்திய விமான நிலைய ஆணையமும் சேர்ந்து உருவாக்கியது. திருவனந்தபுரம் உட்பட 15 தரை நிலையங்கள் பிழையை அளக்கின்றன. ஜிசாட் செயற்கைக்கோள்கள் திருத்தத்தை ஒலிபரப்புகின்றன. 2015 ஏப்ரலில் சரிவுப்பாதையுடன் இறங்குவதற்கான சான்று கிடைத்தது. 2022 ஏப்ரல் 28 அன்று ராஜஸ்தானின் கிஷன்கரில் இண்டிகோவின் ஏடிஆர் விமானம் இம்முறையில் இறங்கிக் காட்டியது. தரையிலிருந்து 250 அடி வரை வரலாம். ஓடுபாதையை நெருங்க நெருங்க வழி குறுகி, தரையிலிருந்து ரேடியோ அலையால் வழிகாட்டும் ஐஎல்எஸ் போலவே உணரவைக்கும். ஐஎல்எஸ் கேட்கும் ஆண்டெனாக்களும் அவற்றின் பராமரிப்பும் வேண்டாம். சிறு ஊர்களுக்கு இதைவிட நல்ல செய்தி இல்லை என்று உறுதியாக நம்புகிறேன். அழுத்த எண் தவறினாலும் பாதை நகராது. இறங்குவதா மேலேறுவதா என்று முடிவெடுக்கும் உயரத்தை மட்டும் அப்போதும் உயரமானியில்தான் படிக்கிறோம் என்பதை மறக்கக் கூடாது.

எல்பிவிக்கும் ஒரு பலவீனம் உண்டு. அது நம் தலைக்கு மேலேயே இருக்கிறது. பூமியின் காந்த நிலநடுக்கோட்டை ஒட்டி இருக்கிறது திருநெல்வேலி. சிற்பங்களுக்குப் பேர்போன கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் ஆய்வகம் வைத்திருப்பதும் அதனால்தான். சூரியன் மறைந்த பிறகு, குறிப்பாகப் பங்குனியிலும் புரட்டாசியிலும், மேல் வளிமண்டலத்தின் மின்னேற்றமுள்ள பகுதியான அயனி மண்டலத்தில் எலக்ட்ரான் குறைந்த குமிழிகள் இந்தக் கோட்டின் மேல்தான் கிளம்புகின்றன. அவற்றைக் கடந்து வரும் ஜிபிஎஸ் சமிக்ஞை படபடவென்று துடிக்கும். சில நேரம் கருவி செயற்கைக்கோளையே தவறவிடும். சூரியப் புள்ளிகள் மிகுந்த ஆண்டுகளில் இது இன்னும் கடுமை.

அப்போது ககன் பொய் சொல்வதில்லை, விலகிக்கொள்கிறது. உயரப் பிழை 50 மீட்டரைத் தாண்டக்கூடும் என்று கணக்கு வந்தால், எல்பிவி என்ற எழுத்து திரையிலிருந்து போய் எல்நாவ் மட்டும் மிஞ்சும். பகலில் முதலிடம் பெறும் முறை, மாசி கடந்த ஒரு மாலை ஏழு மணிக்குக் கைவிடக்கூடும்.

மற்றவை சுருக்கமாக. எல்பி என்பது எல்பிவியின் பக்கவாட்டுத் துல்லியம் மட்டும். வளைந்து வளைந்து மலைகளுக்கிடையே இறங்கும் ஆர்என்பி ஏஆர் முறைக்குத் தனி அனுமதியும் தனிப் பயிற்சியும் தேவை. அலாஸ்காவின் ஜூனோவுக்குப் பொருந்தும், வாகைக்குளச் சமவெளிக்கு வேண்டியதில்லை. ஜிஎல்எஸ் முறைக்கு நிலையத்திலேயே தரைக்கருவி வேண்டும். போக்குவரத்து மிகுந்த ஊர்களுக்கு அது சரி.

என் தேர்வு இது. எல்பிவி வசதி உள்ள விமானத்தில் பகலில் எல்பிவி. அந்தி சாய்ந்த பிறகு, பங்குனி, புரட்டாசிப் பக்கம் என்றால், எல்பிவிக்குத் தயாராகும்போதே எல்நாவ் உயரத்தையும் சத்தமாகப் படித்து, துணை விமானியிடம் சொல்லி, எரிபொருளையும் அதற்கேற்ப எடுத்துக்கொள்ள வேண்டும். அழுத்தமானி வழி மட்டுமே உள்ள விமானத்தில், அழுத்த எண்ணை இருவரும் தனித்தனியே சரிபார்த்து, வானிலை அறிக்கையுடன் ஒப்பிட்ட பிறகே இறுதிக் கட்டத்துக்குள் நுழைய வேண்டும். அதற்குள் நுழைந்தபின் திரையில் எழுத்து மாறினால், அங்கேயே யோசித்துக்கொண்டிருக்காமல் மேலே ஏறிவிட வேண்டும்.