மஸ்டாங்கை விட்டுத் தண்டர்போல்ட்டை ஏன் ஒட்டினேன்?

அலமாரியில் ஒரு விமானத்துக்குத்தான் இடம் இருந்தது. பி-51 மஸ்டாங், பி-47 தண்டர்போல்ட் என்று இரண்டாம் உலகப் போரின் இரண்டு அமெரிக்கச் சண்டை விமானங்களுக்கும் 1:48 அளவில் மாடல் பெட்டிகளை வாங்கி வைத்து, ஒரு வாரம் யோசித்துவிட்டுத் தண்டர்போல்ட்டை ஒட்டினேன். பார்த்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள்: அழகானதை விட்டுவிட்டு ஏன் இந்தக் குண்டன்?

அழகில் மஸ்டாங்தான், சந்தேகமே இல்லை. விலையிலும் அதுவே ஜெயித்தது: போர்க்காலத்தில் நிஜ விமானம் ஒன்றுக்கு ஏறக்குறைய 50,000 டாலர், தண்டர்போல்ட் 80,000-ஐத் தாண்டியது. டிராப் டேங்க் (தீர்ந்ததும் கழற்றி விடும் கூடுதல் எரிபொருள் தொட்டி) மாட்டி 1944 மார்ச்சில் குண்டுவீச்சு விமானங்களுக்குத் துணையாகப் பெர்லின் வரை போய்த் திரும்பியதும் மஸ்டாங்தான். தூரம்தான் முக்கியம் என்பவர்கள் இங்கேயே எழுந்து போகலாம்.

நான் பார்த்தது இன்ஜின் எப்படிக் குளிர்கிறது என்பதை. மஸ்டாங்கின் மெர்லின் இன்ஜினுக்குக் கூலன்ட், அதாவது குளிர்விக்கும் திரவம், வேண்டும். இன்ஜின் மூக்கில், ரேடியேட்டர் விமானிக்குப் பின்னால் வயிற்றடியில், நடுவே நீளமாகக் குழாய்கள். எங்காவது ஒரு தோட்டா பட்டு ஒழுக ஆரம்பித்தால் சில நிமிடங்களில் இன்ஜின் இறுகிவிடும். உயரத்தில் சண்டை போடும்வரை சரி. தாழப் பறந்து ரயிலையும் விமானத் தளத்தையும் சுடப் போனால், கீழே துப்பாக்கி வைத்திருப்பவனுக்கு அந்த வயிறுதான் காட்சி தரும். 1950-இல் கொரியாவில் தரைத் தாக்குதலுக்கு அனுப்பப்பட்ட மஸ்டாங்குகள் இதற்குக் கொடுத்த விலை அதிகம்.

தண்டர்போல்ட்டின் ஆர்-2800 இன்ஜின் காற்றிலேயே குளிர்வது. ஒன்பது ஒன்பதாக இரண்டு வரிசை, 18 சிலிண்டர். மாடலில் அவற்றுக்கு வெள்ளி பூசவே ஒரு சாயங்காலம் போனது. சிலிண்டர் ஒன்றிரண்டு போனாலும் மற்றவை இழுத்து வந்துவிடும். (ஆயில் கூலரில் அடிபட்டால் இதற்கும் சங்குதான்.) 1943 ஜூன் 26 அன்று அமெரிக்க விமானி ராபர்ட் ஜான்சனின் தண்டர்போல்ட்டை ஜெர்மானியர்கள் சல்லடையாக்கினார்கள். விமானியின் தலைக்கு மேலிருக்கும் கண்ணாடிக் கூண்டு திறக்காததால் குதிக்கவும் முடியவில்லை. பின்தொடர்ந்த ஜெர்மன் ஃபோக்கே-வுல்ஃப் விமானம் குண்டு தீரும்வரை சுட்டுவிட்டுத் திரும்பிப் போனது. ஜான்சன் இங்கிலாந்தில் இறங்கி ஓட்டைகளை எண்ணினார், 200-க்கு மேல் எண்ணாமல் விட்டுவிட்டார்.

வானில் எது லாவகம் என்று நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்; நான் ஓட்டியது இரண்டையும் இல்லை, ஒட்டியது பிளாஸ்டிக். ஓட்டியவர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இருந்ததில்லை: அமெரிக்கச் சண்டை விமானப் பிரிவுகளில் 4-ஆம் ஃபைட்டர் குரூப் 1944 பிப்ரவரியில் மஸ்டாங்குக்கு மாறியது, 56-ஆம் குரூப் போர் முடியும்வரை தண்டர்போல்ட்டை விடவில்லை. அந்த 56-இல் இருந்தவர்தான் 28 விமானங்களை வீழ்த்திய விமானி காப்ரெஸ்கி. 1944 ஜூலையில் ஒரு தளத்தைத் தாழப் பறந்து சுட்டபோது புரொப்பெல்லர் தரையில் உரசியது, இறங்கிக் கைதியானார். அதற்கு எந்த இன்ஜினும் உதவாது.

இப்போது அவருடைய விமானத்துக்கான ஸ்டிக்கர்களை ஒட்டிக்கொண்டிருக்கிறேன். இறக்கைக்கு நாலாக எட்டுத் துப்பாக்கிக் குழாய்கள். ஒன்று ஏற்கெனவே கை பட்டு உடைந்துவிட்டது.