விசில் யார் கையில்? அட்மினா, ஓட்டா, ஸ்லாஷ்டாட் வழியா?

நாகர்கோவில் முதல் களியக்காவிளை வரை இன்வெர்ட்டர், சோலார் வேலை பார்க்கிற நூற்றுச்சொச்சம் பேருக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் உண்டு. போன மாதம் மார்த்தாண்டம் பக்கத்துத் தம்பி ஒருவன், ஆறு மாதத்தில் ஒரு பேட்டரியின் பேக்கப் பாதியாகிவிட்டது என்று மீட்டர் படத்தோடு எழுதினான். கால் மணி நேரத்தில் பதிவைக் காணோம். அந்த பேட்டரியை விற்பது அட்மினின் கடை. கேட்டால், "விளம்பரம் மாதிரி இருந்தது" என்றார். குறை சொன்னால் அது எப்படி அண்ணாச்சி விளம்பரம்?

சரி, அட்மின் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வரும் மோசடி லிங்க்கை அழிக்க ஒருவர் போதும், கமிட்டி கூட்டினால் விடிந்துவிடும். போலீஸ் கேஸ் பயமும் உண்டு. வெறும் அட்மினாக மட்டும் இருந்தவர் என்றால் வழக்கிலிருந்து அவர் பெயரை நீக்க வேண்டும் என்று 2021-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஒரு வழக்கில் சொன்ன பிறகும் பலருக்கு அந்தப் பயம் போகவில்லை. ஆனால் நீக்கிய பதிவில் என்ன இருந்தது, ஏன் நீக்கினார் என்பது யாருக்கும் தெரியாது. சந்தேகம் முளைப்பது அங்கேதான்.

"அப்போ எதை நீக்குவது என்று ஓட்டு போடுவோம்" என்றார்கள் சிலர். 2008-ல் தொடங்கிய ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்கிற, புரோகிராம் எழுதுகிறவர்களின் கேள்வி-பதில் தளம் இந்த வழிதான். கேள்வி, பதில் எழுதி 3,000 புள்ளி சேர்த்தவர்கள் ஒரு கேள்வியை இனி யாரும் பதில் எழுத முடியாதபடி மூட ஓட்டுப் போடலாம். முன்பு ஐந்து ஓட்டு வேண்டும், பிறகு மூன்றாக்கினார்கள். மூடிய காரணம் கேள்வியின் மேலேயே தெரியும், திரும்பத் திறக்கவும் ஓட்டு உண்டு. இதெல்லாம் எனக்குப் பிடிக்கும். ஆனால் புள்ளி சேர்ப்பவர்கள் பழைய ஆட்கள். அவர்களுக்குச் சலித்த கேள்விதான் புதுப் பையனுக்கு முதல் கேள்வி. புதியவர்களுக்கு இது இணக்கமான இடமாக இல்லை என்று 2018-ல் அந்த நிறுவனமே எழுதியது.

எங்கள் குரூப்பில் இது இன்னும் மோசமாகும். வாட்ஸ்அப் ஓட்டெடுப்பில் யார் எதற்குப் போட்டார்கள் என்று பெயரோடு தெரியும். பாதிப் பேர் அட்மின் கடையில் கடனுக்குச் சரக்கு எடுக்கிறவர்கள். யார் கை தூக்குவார்கள்?

என் ஓட்டு ஸ்லாஷ்டாட் என்கிற பழைய தொழில்நுட்பச் செய்தித் தளத்தின் வழிக்கு. அங்கே வழக்கமாக வருகிற வாசகர்களில் சிலருக்கு, மற்றவர் பதிவின் மதிப்பெண்ணை ஏற்றவோ இறக்கவோ ஐந்து புள்ளி கிடைக்கும், சில நாளில் காலாவதியாகிவிடும். பதிவை அழிப்பதில்லை, மதிப்பெண் -1 வரை இறங்கும், வேண்டுமென்றால் படித்துக்கொள்ளலாம். முக்கியமான விதி இன்னொன்று: ஒரு விவாதத்தில் பேசினவர் அதே விவாதத்தில் மதிப்பெண் போட முடியாது. நம் கடற்கரை ஊர்க் கால்பந்துப் போட்டிகளில் மோதுகிற இரண்டு ஊரில் ஒரு ஊர்க்காரர் விசில் ஊதினால் மற்ற ஊர் விடுமா?

வாட்ஸ்அப்பில் மதிப்பெண்ணும் இல்லை, காலாவதியும் இல்லை. அதனால் அந்த விதியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்றேன்: கிழக்கே ஒருவர், மேற்கே ஒருவர் என்று இரண்டு அட்மின், தன் கடைச் சரக்கு பற்றிய பேச்சில் அந்தக் கடைக்காரர் கை வைக்கக்கூடாது, நீக்கியதெல்லாம் காரணத்தோடு தனி குரூப்பில் கிடக்கட்டும். லிங்க் மோசடி மட்டும் விதிவிலக்கு, அதை இரண்டு அட்மினில் யார் வேண்டுமானாலும் உடனே அழிக்கலாம்.

அட்மின் சரி என்றார். அந்தத் தம்பியின் மீட்டர் படம் திரும்ப ஏறியது. அதன் கீழே இன்னும் மூன்று பேர் அதே பேட்டரியின் படத்தைப் போட்டிருக்கிறார்கள்.