கமரா விளக்குகளுடன் நான்கு ஆண்டுகள்

எங்கள் வீட்டு விறாந்தையில் இரண்டு கமரா விளக்குகள் நிற்கின்றன. முதலாவதை 2021ஆம் ஆண்டு ஆவணியில் கொழும்பிலுள்ள ஒரு விற்பனையாளரிடம் இணையவழியாக 38,000 ரூபாவுக்கு வாங்கினேன். இரண்டாவதை 2023இல், வவுனியாவில் ஒரு பழைய இரும்புக் கடையில் கிடைத்த நிலஅளவை முக்காலியையும் பழுதடைந்த சோவியத் கமரா ஒன்றையும் கொண்டு, கிளிநொச்சியிலேயே செய்வித்தேன். இரண்டையும் நாளாந்தம் பயன்படுத்திய பின், பழைய கமராவில் செய்த விளக்கை வாங்க நினைப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியவை சில இருக்கின்றன. படத்தில் இவ்வகை விளக்குகள் எல்லாம் அழகாகவே தெரியும். குறைகள் இரண்டு மாரி கழிந்த பிறகுதான் வெளிவரும்.

வன்னியில் பழைய கமரா எளிதில் அகப்படும் பொருளன்று. 2008, 2009ஆம் ஆண்டுகளின் இடப்பெயர்வுகளில் கலியாண அல்பங்களையே காவிச் செல்ல முடியாமல் விட்டுவந்த குடும்பங்கள் ஏராளம். ஸ்ரூடியோ வைத்திருந்தவர்களின் கருவிகளைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. பரந்தனில் ஸ்ரூடியோ நடத்திய என் தாய்மாமனின் இரட்டைவில்லைக் கமராவும் அப்படித்தான் போயிற்று. ஆகவே விற்பனையாளரின் படத்தில் ஒரு யஷிகா மாட், மரமுக்காலியின் மேல், தலையில் துணிக்கூடு தாங்கி நின்றதைக் கண்டபோது விலையைப் பற்றி அதிகம் யோசிக்கவில்லை. யஷிகா மாட் 1957இல் வெளிவரத் தொடங்கிய வரிசை. 120 என்னும் அகலமான பிலிம் சுருளில் சதுரமாகப் பன்னிரண்டு படம் தருவது. எண்பது மில்லிமீற்றர் வில்லை கொண்டது. மாமாவிடம் இருந்ததும் அதே வகைதான்.

விளக்கு பழுதின்றி வந்து சேர்ந்தது. முதல் ஆறு மாதங்கள் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. மாலையில் அதை ஏற்றினால் கமராவின் இரண்டு வில்லைகளிலும் மஞ்சள் ஒளி ஒதுங்கி நிற்பதைப் பார்ப்பதே ஒரு மகிழ்ச்சியாக இருந்தது.

முதலில் தெரிந்த குறை வெப்பம். இழை வெளியே தெரியும் பழைய பாணிக் குமிழ் ஒன்றை விளக்குடன் தந்திருந்தார்கள். அது 60 வாற்று. இழைக்குமிழ் எடுக்கும் மின்சாரத்தில் பெரும்பகுதி வெப்பமாகவே போகும் என்பதால், கூட்டுக்குக் கீழே ஒரு சாண் இடைவெளியில் இருந்த கமராவின் மேற்பகுதி தினமும் மூன்று நான்கு மணித்தியாலம் சூடேறியது. பங்குனிக்குள் அதன் கறுப்புத் தோலுறையின் பசை இளகி, ஓரங்கள் காய்ந்த வெற்றிலைபோலச் சுருண்டு எழுந்துவிட்டன. அதே மாதக் கடைசியில், நாடெங்கும் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த நாட்களில், சிறிய இன்வேட்டரில் இந்தக் குமிழை ஏற்றுவதும் கட்டுப்படியாகவில்லை. 2700 கெல்வின், அதாவது மஞ்சள் சாயலான ஒளி, என்று குறிக்கப்பட்ட 7 வாற்று எல்ஈடி குமிழை மாற்றினேன். வெளிச்சத்தில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. கூட்டின் மேல்விளிம்பில் கை வைத்தால் இளஞ்சூடு மட்டும்தான். இதை முதல் நாளே செய்திருந்தால் தோலுறை தப்பியிருக்கும். வாங்குபவர்கள் விளக்குடன் வரும் இழைக்குமிழை எடுத்து வைத்துவிடுவது நல்லது.

முக்காலியும் நம்பியதுபோல இருக்கவில்லை. பழைய கமரா முக்காலி என்று விவரத்தில் எழுதியிருந்தது. உண்மையில் அது றப்பர் மரத்தில் புதிதாகச் செய்து, கறுத்த மெருகு பூசிப் பழமை காட்டப்பட்டது. இரண்டாவது ஆண்டில் கால்களின் அடியில் மாவுபோல மரத்தூள் உதிரத் தொடங்கியது. குண்டூசித் தலையளவு துளைகள் ஒவ்வொன்றாகத் தென்பட்டன. வேப்பெண்ணெயும் மண்ணெண்ணெயும் கலந்து தடவிப் பார்த்தேன். ஒரு மாதத்துக்குத் தூள் நின்றது, பிறகு மறுபடி உதிர்ந்தது.

இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். மின்னிணைப்பில் இருந்த குறை பொறுக்கக்கூடியதன்று. 2023 தை மாதத்தில் ஒரு நாள், வெறுங்காலுடன் தரையைத் துடைத்துக்கொண்டிருந்த என் மனைவியின் கை கமராவில் பட்டபோது சுரீரென்று இழுத்தது; அதே கணத்தில் ட்ரிப் சுவிச் விழுந்தது. அந்தச் சுவிச் வேலை செய்யாதிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை நினைக்கவும் முடியவில்லை. அயலில் வயரிங் வேலை செய்யும் அண்ணையைக் கூப்பிட்டேன். அவர் விளக்கைச் சரித்து அடியைப் பார்த்தவுடனேயே, “தம்பி, உதுக்கு எர்த்தே இல்லை. இவ்வளவு இரும்பை வைச்சுக்கொண்டு ரெண்டு வயர்தான் இழுத்திருக்கிறாங்கள்” என்றார். கமராவின் அடித்தகட்டில் துளைத்த ஓட்டையின் விளிம்பு அராவப்படவில்லை. றப்பர் வளையமும் போடப்படவில்லை. விளக்கை நகர்த்தும்போதெல்லாம் அந்தக் கூர்விளிம்பில் வயர் உரசி, உறை கிழிந்து, செப்பு வெளியே தெரிந்தது. திருகுக் குமிழுக்கான ஹோல்டரில் உயிர்வயர் நடுப்புள்ளிக்கும் நடுநிலை வயர் திருகுமரைக்கும் போக வேண்டும். இதில் இருந்தது எப்பக்கமும் திருப்பிச் செருகக்கூடிய இரண்டு முனைப் பிளக். ஆகவே பிளக்கை மாற்றிச் செருகிய நாட்களில் எல்லாம், குமிழைக் கழற்றும்போது விரல் படக்கூடிய மரையிலேயே 230 வோல்ற்று நின்றிருக்கிறது.

அன்று விளக்கு முழுவதையும் கழற்றினோம். மாமாவும் வந்திருந்தார். கமராவுக்கு ஊடாகக் கூடு வரை போன நடுக்குழாய் உருவப்பட்டபின் கமராவைத் தன் மடியில் வைத்து, வேட்டி முனையால் துடைத்து, பக்கவாட்டிலிருந்த கைப்பிடியைச் சுற்றினார். அது தடையில்லாமல் சுற்றியது. வேகத்தை ஒரு செக்கனில் வைத்துப் பொத்தானை அழுத்தினார். மெல்லிய இரைச்சலுடன் சட்டர் திறந்து, சரியாக ஒரு செக்கன் நின்று, மூடியது. பின்கதவைத் திறந்து யன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். படமெடுக்கும் வில்லையில் ஒரு பூஞ்சண நூல்கூட இல்லை. ஆனால் உள்ளே பார்வைக்கண்ணாடி இரண்டாக உடைக்கப்பட்டிருந்தது. மேலும் கீழும் பத்து மில்லிமீற்றர்க் குழாய்க்கான துளைகள். கீழ்த்துளையின் ஓரத்தில், குழாய்க்கும் தகட்டுக்கும் இடையே இருந்த சந்தில், குளவி ஒன்று கட்டிய மண்கூடு, காய்ந்து கல்லாகி. “மருமோன், இது ஓடிக்கொண்டிருந்த கமரா. ஓட்டை போட்டவன் ஒருக்கா அமத்திக்கூடப் பாக்கேல்லை” என்று மட்டும் சொன்னார். அதன் பிறகு நெடுநேரம் பேசவில்லை.

அந்த நாளுக்குப் பிறகு என் கருத்து உறுதியாகிவிட்டது. இறந்த கமராவை விளக்காக்குவது அதற்கு ஒரு மறுவாழ்வு. உயிருள்ள கமராவைத் துளைத்து விளக்காக்குவது அழிவு. காசு கொடுத்து வாங்கும் நாம் இதைக் கேட்காவிட்டால் செய்பவர்களும் பார்க்கப் போவதில்லை. கமரா எந்த நிலையில் இருந்தது, சட்டர் இயங்குகிறதா, குழாய் கமராவுக்கு ஊடாகப் போகிறதா அல்லது பக்கத்தால் போகிறதா, கமராவைத் திருகாணியால் கழற்றி எடுக்க முடியுமா என்பவற்றை வாங்கும் முன்பே கேட்க வேண்டும். மேல்மூடி திறக்காத இரட்டைவில்லைக் கமரா என்றால், உள்ளே குழாய் நிற்கிறது என்றே கொள்ளலாம்.

இரண்டாவது விளக்கை இந்த எண்ணத்துடனேயே தொடங்கினேன். கமரா, மொஸ்கோவுக்கு அருகே கிராஸ்னகோர்ஸ்க் தொழிற்சாலையில் 1965 முதல் செய்யப்பட்ட செனிற் ஈ வகை. அதன் துணிச்சட்டர் கிழிந்திருந்தது. ஹீலியோஸ் வில்லைக்குள் பூஞ்சணம் சிலந்திவலைபோலப் பரவியிருந்தது. மாமா பார்த்து, திருத்த முடியாது என்று சொன்ன பிறகே 4,500 ரூபா கொடுத்து எடுத்தேன். நிலஅளவை முக்காலிக்கு 6,000 ரூபா. பித்தளைப் பூட்டுகளும் இரும்புக் கூர்முனைகளும் கொண்ட, தேய்ந்தாலும் வைரமான மரம். அதன் தலையிலுள்ள பெரிய துவாரத்துக்கு அளவாக, கனகபுரத்துத் தச்சர் ஒருவர் முதிரைப் பலகையில் வட்டமொன்று கடைந்து தந்தார். விளக்கின் குழாய் அந்த வட்டத்தினூடாகப் போகிறது. கமரா, குழாயில் இறுக்கிய சிறு தகட்டுக் கையில், கமராக்களுக்கே உரிய கால் அங்குலத் திருகாணியால் நிற்கிறது; கமராவில் ஒரு துளையும் இடவில்லை. மூன்று வயர் இழுத்து, எர்த்தைக் குழாயிலும் தகட்டிலும் இறுக்கி, பதின்மூன்று அம்பியர் பிளக்கினுள் மூன்று அம்பியர் பியூஸ் போட்டோம். தச்சுக்கூலி, வயரிங், துணிக்கூடு எல்லாம் சேர்த்து மொத்தம் 21,000 ரூபாவுக்குள் முடிந்தது.

இந்த விளக்கில் நான் எதிர்பாராத ஒன்று நடந்தது. செனிற் ஈயின் ஒளிமானி, வெளிச்சம் பட்டால் தானே மின்சாரம் உண்டாக்கும் செலினியத்தில் இயங்குவது. அதற்குப் பற்றரி தேவையில்லை. கமராவைச் சற்று மேல்நோக்கிச் சாய்த்துப் பொருத்தியிருப்பதால் கூட்டிலிருந்து விழும் வெளிச்சம் அதன் நெற்றியிலுள்ள செலினியத் தகட்டில் படுகிறது. சுவிச்சைப் போட்டதும், மேலே உள்ள சிறு கண்ணாடிக்குள் ஊசி நடுங்கி எழுந்து நிற்கிறது. அணைத்தால் மெதுவாகப் படுத்துவிடுகிறது. சட்டர் செத்து எத்தனையோ வருடமான கமராவில் இந்த ஓர் உறுப்பு மட்டும் இன்னும் தன் வேலையைச் செய்கிறது. என் மகள் பல நாட்களில் அதற்காகவே விளக்கை ஏற்றுகிறாள்.

குறைகள் இதிலும் உண்டு. இரும்புக் கூர்முனைகள் சிவப்புச் சீமெந்துத் தரையைக் கீறின. றப்பர்க் குப்பிகள் மாட்டியபின் நின்றது. தலைப்பாரம் அதிகம் என்பதால் கால்கள் வழுக்கி அகலாதிருக்க மூன்றுக்கும் இடையே சங்கிலி கட்டியிருக்கிறேன். ஆடியில் கச்சான் காற்று உள்ளே அடிக்கும் நாட்களில் நடுவில் ஒரு மணற்பையும் தொங்கும். சுவரை ஒட்டி வைத்த ஒரு மாதத்தில் கறையான் இரும்பு முனையின் மேலாகவே மண்குழாய் கட்டி ஏறியது. இப்போது சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்து, வாரம் ஒரு தடவை அடியைப் பார்க்கிறேன். ஐப்பசி, கார்த்திகையில் இடி முழங்கத் தொடங்கினால் இரண்டு விளக்குகளின் பிளக்கையும் கழற்றிவிடுவது வழக்கம்.

முதல் விளக்கையும் எறிந்துவிடவில்லை. புதிய வயரும் எர்த்தும் போட்டு, உளுத்த கால்களுக்குப் பதிலாகப் பாலைமரக் கால்கள் பொருத்தி வைத்திருக்கிறேன். யாழ்ப்பாணத்தில் ஒருவரிடமிருந்து, சட்டர் இறுகிப்போன இன்னொரு யஷிகா மாட்டை மாமா சென்ற ஆண்டு வாங்கினார். இரண்டையும் மேசையில் வைத்து, எங்கள் கமராவின் வில்லைகளும் சட்டரும் அடங்கிய முன்பகுதியை மூன்று நாட்கள் செலவழித்துக் கழற்றி அதற்கு மாற்றினார். அதிலிருந்த இறுகிய சட்டர் எங்கள் விளக்கின் முகத்தில் இருக்கிறது. மாலையில் அந்த வில்லைகளிலும் அதே மஞ்சள் ஒளி விழுகிறது. மாமா 120 சுருள் ஒன்றுக்குக் கொழும்பில் சொல்லி வைத்திருக்கிறார்.