சிந்தடிக் ஆயிலுக்குக் கூடுதல் காசு: யாருக்குக் கட்டுப்படியாகும்?

என் பெட்ரோல் காரின் இன்ஜின் ஆயிலில், கச்சா எண்ணெயைச் சுத்திகரித்து எடுக்கும் மினரலை விட்டு, ரசாயன முறையில் மாற்றித் தயாரிக்கும் முழு சிந்தடிக்குக்கு மாறிச் சில வருடங்கள் ஆகின்றன. திரும்பிப் போகும் எண்ணம் இல்லை. அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை மறைக்கப் போவதில்லை. அதே சமயம், மினரலே போதும் என்கிற வண்டிகளும் உண்டு. அவற்றுக்கு சிந்தடிக் ஊற்றுவது வீண் செலவு.

எல்லாருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடலாம். குளிரில் ஸ்டார்ட் செய்யும்போது சிந்தடிக் சீக்கிரம் இன்ஜினின் மேல்பகுதிவரை ஏறும், சூட்டைத் தாங்கும், கசடு குறைவாக விடும். விளம்பரத்தில் வருவதுதான் என்றாலும் உண்மை. 2017-இல் அமெரிக்க ஆட்டோமொபைல் சங்கம் இரண்டு வகையையும் சோதனைக்கூடத்தில் ஒப்பிட்டபோது, சிந்தடிக் சராசரியாக 47 சதவீதம் மேலாக இருந்தது. அதற்காக இன்ஜின் 47 சதவீதம் கூடுதலாக உழைக்கும் என்று கணக்குப் போட்டுவிடக் கூடாது. அந்தக் கூடுதல் திறன் உங்கள் வண்டிக்குத் தேவைப்படுகிறதா என்பது தனிக் கேள்வி.

என்னைப் பொறுத்தவரை அதற்கான பதில் ஒரே இடத்தில் இருக்கிறது: ஆயிலை எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுகிறீர்கள்?

இன்ஜினுக்குள் ஆயில் கெட்டுப்போவதற்குப் பல வழிகள் உண்டு. சூட்டில் காற்றோடு சேர்ந்து ஆக்சிஜனேற்றம் அடைந்து கெட்டியாகிறது. லேசான பகுதி ஆவியாகிப் போகிறது. கெட்டித்தன்மையைச் சமன் செய்யக் கலந்திருக்கும் பாலிமர்கள் (நீளமான மூலக்கூறுகள்) உலோகப் பரப்புகளுக்கு இடையே நசுங்கித் துண்டாகின்றன. இந்த மூன்றிலும் சிந்தடிக் தெளிவாக முந்துகிறது. ஆவியாதலை எடுத்துக்கொள்ளுங்கள். நோவாக் என்று ஒரு சோதனை: ஆயிலை 250 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் வைத்து எவ்வளவு எடை குறைகிறது என்று பார்ப்பார்கள். இன்றைய 5டபிள்யூ-30 (ஆயிலின் கெட்டித்தன்மையைக் குறிக்கும் எண்) போன்ற ஆயில்களுக்கு ஏபிஐ என்கிற அமெரிக்க பெட்ரோலியக் கழகத்தின் தரத்தில் 15 சதவீதம் வரை அனுமதி. நல்ல சிந்தடிக்குகள் 10-க்குக் கீழே நிற்கும். பாலிமர் விஷயமும் அப்படித்தான். சிந்தடிக்கின் அடிப்படை எண்ணெய் சூட்டில் நீர்த்துப்போவது இயல்பிலேயே குறைவு. அதனால் அதில் பாலிமர் அதிகம் சேர்க்க வேண்டியதில்லை, துண்டாவதும் குறைவு.

புதிதாக ஊற்றிய முதல் ஆயிரம் கிலோமீட்டரில் இந்த வித்தியாசம் எதுவும் தெரியாது. ஆயில் பழசாகும்போதுதான் தெரியும். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள்: இரண்டு மடங்கு விலைக்கு சிந்தடிக் வாங்கிவிட்டு, பழைய பழக்கத்தில் 5,000 கிலோமீட்டரிலேயே வடித்துவிடுகிறார்கள். உதாரணத்துக்கு மினரலுக்கு 5,000, சிந்தடிக்குக்கு 10,000 என்று உங்கள் வண்டிக்கு அனுமதி இருப்பதாக வைத்துக்கொள்வோம். அப்போது இரண்டு மடங்கு விலை அங்கேயே சரிக்கட்டிவிடும். ஒரு ஃபில்டர், ஒரு முறை கூலி, ஒரு முறை வண்டியை விட்டுவிட்டுக் காத்திருக்கும் நேரம், எல்லாம் மிச்சம். விலை வித்தியாசம் மூன்று மடங்கு என்றால் அந்த மிச்சத்தை வைத்துத்தான் பார்க்க வேண்டும், சில சமயம் கையைக் கடிக்கும்.

எவ்வளவு தூரம் ஓட்டலாம் என்பதை ஆயில் டப்பா தீர்மானிக்காது. வண்டியோடு வந்த கையேடுதான் தீர்மானிக்கும். டப்பாவில் என்ன போட்டிருந்தாலும் வாரண்டி காலத்தில் கையேட்டைத் தாண்டாதீர்கள். அப்புறம், கையேடு 0டபிள்யூ-20 என்கிற மிக லேசான ரகத்தைக் கேட்கிறது என்றால் தேர்வே முடிந்துவிட்டது. அந்த ரகம் மினரலில் கிடைப்பது அரிது.

அதே கையேட்டில் இன்னொரு வரி இருக்கும்: இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை மாதம், எது முந்தியோ அது. வருடத்துக்கு 3,000 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு இந்த மாதக் கணக்குதான் முதலில் வரும். பக்கத்திலேயே போய்வரும் வண்டியில் ஆயில் முழுசாகச் சூடாவதற்குள் இன்ஜினை அணைத்துவிடுகிறோம். உள்ளே சேரும் நீரும் பெட்ரோலும் ஆவியாகி வெளியேறுவதில்லை. எவ்வளவு உயர்ந்த ஆயிலும் அந்தக் கலப்படத்தைத் தடுக்காது. கையேடு அனுமதித்தால் இவர்கள் மினரல் ஊற்றி நேரத்துக்கு மாற்றினால் போதும். நிறைய ஓட்டுகிறவர்தான் சிந்தடிக்கில் லாபம் பார்ப்பார்.

டர்போ வண்டிக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது. டர்போ என்பது இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவி. அதன் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்கிறது; அதற்கும் இதே ஆயில்தான். வேகமாக ஓடிவந்து உடனே அணைத்தால், பேரிங்கில் தேங்கிய ஆயில் அந்தச் சூட்டில் கருகிப் படியும். சிந்தடிக் இதை நன்றாகத் தாங்கும். நான் டர்போ வைத்திருந்ததில்லை, ஆனால் வாங்கினால் யோசிக்காமல் சிந்தடிக்தான் ஊற்றுவேன்.

டப்பாவில் சிந்தடிக் என்று இருப்பதை மட்டும் நம்பி வாங்க வேண்டாம். கச்சா எண்ணெயையே கடுமையாகச் சுத்திகரித்து வரும் மூன்றாம் பிரிவு எண்ணெயையும் (அடிப்படை எண்ணெய்களை ஐந்து பிரிவாகப் பிரித்திருக்கிறார்கள்) அந்தப் பெயரில் விற்கலாம் என்று 1999-இல் அமெரிக்காவில் காஸ்ட்ரால், மொபில் என்கிற ஆயில் கம்பெனிகளின் தகராறில் முடிவானது. ஜெர்மனியில் முழு சிந்தடிக் என்று போட ரசாயன முறையில் உருவாக்கும் நான்காம், ஐந்தாம் பிரிவு எண்ணெய் வேண்டும். எனக்கு இதில் பெரிய கவலை இல்லை. நல்ல மூன்றாம் பிரிவு ஆயிலே பெரும்பாலான வண்டிக்குப் போதும். நான் பார்ப்பது ஏபிஐ எஸ்பி போன்ற தர முத்திரையையும், கார் கம்பெனியின் ஒப்புதல் எண்ணையும்தான்.

பைக்கா? கார் ஆயிலை அதில் ஊற்றவே வேண்டாம். கிளட்ச் ஆயிலில் மூழ்கியிருக்கும் பைக்குக்கு ஜாசோ எம்ஏ என்கிற ஜப்பானியத் தர முத்திரை வேண்டும், இல்லாவிட்டால் கிளட்ச் வழுக்கும்.

பழைய வண்டியில் சிந்தடிக் ஊற்றினால் ஒழுகும் என்கிற பயம், சீல்களைச் சுருக்கிய ஆரம்பகால ஆயில்களின் மிச்சம். இப்போது அதைச் சரிக்கட்டும் பொருளைக் கலந்தே தருகிறார்கள். அவசரத்துக்கு மினரலோடு கலந்தாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் ஏற்கெனவே ஆயிலைக் குடிக்கும் இன்ஜினுக்கு விலை உயர்ந்ததை ஊற்றாதீர்கள், எப்படியும் புகையாகத்தான் போகும். நல்ல இன்ஜினிலும், நீண்ட இடைவெளியில் மாற்றும்போது மட்டம் கொஞ்சம் இறங்கும். நடுவில் டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்து நிரப்பத்தான் வேண்டும். மேலே போட்ட கணக்கில் அப்படி நிரப்பும் ஆயிலின் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.