உல்லன் 900, கூரியர் 897: பழைய கைவேலைப் பொருள் அனுப்புபவர்கள் கவனிக்கவும்

பெங்களூரிலிருந்து ஊருக்குப் பழைய உல்லன், ஆரி சாமான், மணி, பேப்பர் விற்பவர்கள் இதைப் படித்துவிட்டு அடுத்த பார்சலை புக் பண்ணுங்கள். காசு பிடித்த கூரியர் கம்பெனி பெயர் இங்கே வேண்டாம். பல கூரியர்களை ஒரே ஆப்பில் சேர்த்துத் தரும் இடைத்தரகர் வகை.

அல்சூரிலிருந்து மதுரைக்குப் போன ஒரு பெட்டியின் கணக்கு இது. உள்ளே 100 கிராம் உல்லன் உருண்டை 22, கூடவே நாலைந்து குரோஷே ஊசி. பெட்டியோடு சேர்த்து 2.7 கிலோ. ஆப் அதை 3 கிலோ என்று எடுத்துக்கொண்டு, அரை கிலோவுக்கு 40 ரூபாய் வீதம் 240, ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்து 283 ரூபாய் 20 காசு காட்டியது. அந்தத் தொகையை வாங்குபவரிடம் வசூலித்து அனுப்பியாயிற்று. நாலு நாள் கழித்து, ஆப்பில் முன்பணம் போட்டு வைக்கும் வாலட்டில் மேலும் 613 ரூபாய் 60 காசு காணோம். காரணம் என்று எழுதியிருந்தது ‘எடை வித்தியாசம்’. பார்சல்களைப் பிரித்து அனுப்பும் கூரியர் ஹப்பில் அளந்தார்களாம், 9.5 கிலோவாம். ஆக மொத்தம் 896 ரூபாய் 80 காசு. உள்ளே இருந்த உல்லன் விலைபோனதே 900க்குத்தான். வாலட் மைனஸில் போனதால் அடுத்து புக் பண்ணிய பார்சலையும் எடுக்க ஆள் வரவில்லை.

9.5 கிலோ எங்கிருந்து வந்தது? நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000 ஆல் வகுத்தால் வருவது கன அளவு எடை. அந்தப் பெட்டி 45 × 35 × 30, பெருக்கினால் 47,250, வகுத்தால் 9.45, அரை கிலோக் கணக்கில் 9.5. தராசு எடை, கன அளவு எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் காசு. இந்த விதி பெரும்பாலான கூரியர்களில் உண்டு, அதில் தப்பில்லை. வில்லங்கம் வேறு இடத்தில் இருக்கிறது. புக்கிங் பக்கத்தில் அளவுக் கட்டங்கள் மூன்றிலும் 10, 10, 10 என்று முன்கூட்டியே நிரப்பி வைத்திருக்கிறார்கள். அப்படி ஒரு பெட்டியின் கன அளவு எடை வெறும் 200 கிராம்தான். எடையை மட்டும் மாற்றி அடுத்த பக்கம் போகிறவருக்கு ஆப் எந்த எச்சரிக்கையும் தராது, மலிவு விலையைக் காட்டிக் காசை வாங்கிக்கொள்ளும். மிச்சத்தைப் பிறகு வாலட்டில் எடுத்துக்கொள்ளும். தரைவழி சர்வீஸில் சிலர் 5000க்குப் பதில் 4000 ஆல் வகுக்கிறார்கள். அப்போது இதே பெட்டி 12 கிலோ. எந்த எண்ணால் வகுக்கிறார்கள் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு புக் பண்ணுங்கள்.

இன்னொன்று, பெட்டி புடைத்துக்கொள்வது. 30 × 30 × 30 பெட்டி 5.4 கிலோ. காசு அரை அரை கிலோ படியாக ஏறுவதால் அது 5.5 கிலோ படி. திணித்துக் கட்டியதில் பக்கத்துக்கு 1 சென்டிமீட்டர் வெளியே தள்ளினால் 32 × 32 × 32, அது 6.55, படி 7. ஹப்பில் டேப்பையோ லேசரையோ புடைப்பின் உச்சியில்தான் வைப்பார்கள்.

உல்லனுக்கு அட்டைப்பெட்டியே வேண்டாம். கம்பளி, ரஜாய் வைக்கும் வேக்யூம் கவரில் போட்டுக் காற்றை உறிஞ்சி, மேலே கெட்டியான பிளாஸ்டிக் கூரியர் கவர். அதே 22 உருண்டையும் 40 × 30 × 14க்குள் அடங்கும். 3.36 கிலோ, படி 3.5, அதே ரேட்டில் 330 ரூபாய் 40 காசு. கவர் வழியில் காற்றுப் பிடித்துவிட்டால் திரும்ப உப்பிக்கொள்ளும். அதனால் அழுத்திய நிலையிலேயே குறுக்கும் நெடுக்கும் டேப் சுற்றுங்கள். பிரித்து ஒருநாள் காற்றாட வைத்தால் அக்ரிலிக் நூல் பழைய பருமனுக்கு வந்துவிடும் என்று வாங்குபவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் சப்பையாக வந்ததென்று புகார் வரும்.

மணியில் கதை தலைகீழ். கண்ணாடி மணி, குந்தன் கல் எல்லாம் இடம் அடைக்காது, தராசில்தான் காசு கேட்கும். இங்கே அரை கிலோ பாக்கெட்டாக விற்பதுதான் தவறு. 500 கிராம் மணிக்கு ஜிப் கவர், பபிள் ஷீட், பெட்டி என 60, 80 கிராம் ஏறினாலே 1 கிலோ படிக்குப் போய்விடும்; வாங்குபவர் இருமடங்கு கட்டுவார். 400 கிராமாகப் பிரித்து விற்றால் ஒரே படியில் முடியும். இரட்டை ஜிப் கவர் கட்டாயம். கண்ணாடி மணிப் பை கிழிந்தால் பெட்டியின் அடி இடுக்கு வழியாக மொத்தமும் ஒழுகிப்போகும், மேலே டேப் ஒட்டியிருந்தாலும்.

ஸ்கிராப்புக் பேப்பர் 12 அங்குலச் சதுரம். இரண்டு பக்கமும் அட்டை வைத்து மூலைகளைத் தனியாகப் பாதுகாக்காவிட்டால் போய்ச்சேர்வது மடங்கிய மூலைகள்தான். ஆரி ஸ்டாண்டைக் கழற்றிக் கட்டினாலும் 95 × 15 × 10, கிட்டத்தட்ட 3 கிலோ. சில கம்பெனிகள் நீளத்துக்குத் தனியாக வேறு கேட்கும். அதை பெங்களூருக்குள்ளேயே விற்றுவிடுங்கள், மெட்ரோ ஸ்டேஷன் வாசலில் கைமாற்றினால் செலவே இல்லை. ஆல்கஹால் இங்க், தின்னர் எரியும் பொருள், விமானத்தில் ஏற்ற முடியாது. ‘கைவினைப் பொருள்’ என்று மட்டும் எழுதி உள்ளே ஒளித்து அனுப்பினால் பார்சல் ஹப்பில் முடங்கும்.

வாலட்டில் காசு கழிந்துவிட்டதா? ஆட்சேபம் பதிய சில நாள்தான் தருவார்கள், ஞாயிறும் அதில் சேர்த்தி. தவறினால் தானாகவே மூடிக்கொள்ளும். அதனால் பேக் பண்ணும்போதே நாலு போட்டோ: மூன்று பக்கமும் அளவு டேப் வைத்து மூன்று, தராசின் எண் தெரிய ஒன்று. நாலிலும் ஒட்டிய லேபிளின் எண் தெரிய வேண்டும். லேபிள் இல்லாத போட்டோவை ‘இது உங்கள் பார்சல்தானா’ என்று தள்ளிவிடுவார்கள். ஹப்பில் எடுத்த படத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். டேப் சாய்வாகப் பிடித்திருக்கும், சமயத்தில் பெட்டியே வேறொருவருடையதாக இருக்கும். மேலே சொன்ன பெட்டி விஷயத்தில் அளவு சரிதான் என்பதால் ஆட்சேபம் நிற்கவில்லை. 10, 10, 10 நிரப்பி வைத்ததைப் பற்றிய கேள்விக்கு வந்த பதில், ‘சரியான விவரம் தருவது அனுப்புநர் பொறுப்பு’. இந்த மாதிரிக்கு 1915 தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. ஸ்கிரீன்ஷாட் இல்லாமல் கூப்பிடாதீர்கள்.

வாங்குபவர் பார்சலை எடுக்க மறுத்தால் திரும்பி வரும் கட்டணமும் உங்கள் தலையில்தான், அதுவும் 9.5 கிலோ கணக்கில். பழைய சாமானுக்கு கேஷ் ஆன் டெலிவரி வேண்டவே வேண்டாம்.

தபால் நிலையத்தில் கவுண்டரிலேயே அளந்து ரசீது தருவதால் பிறகு வாலட்டைத் தொடும் ஆபத்து இல்லை. சின்ன நூல் பாக்கெட்டைப் பதிவுத் தபாலில் அனுப்பிப் பழகியவர்களுக்கு: அது 2025 செப்டம்பர் 1 முதல் ஸ்பீட் போஸ்டோடு சேர்ந்துவிட்டது, பழைய ரேட்டை வாங்குபவருக்குச் சொல்லிவிடாதீர்கள். பெரிய உல்லன் மூட்டைக்குக் கலாசிபாளையம், மடிவாளாவில் கிளம்பும் தமிழ்நாட்டு ஆம்னி பஸ் பார்சல் ஆபீசில் கேட்டுப் பாருங்கள். மூட்டையைப் பார்த்து ரேட் சொல்வார்கள், பேரம் நடக்கும். எடுக்கிறவர் அங்கே ஆபீசுக்கு நேரில் போக வேண்டும், ஏற்றுகூலி இறக்குகூலி தனி. ரசீதில் பஸ் நம்பரும் எடுப்பவர் பெயரும் எழுதச் சொல்லி வாங்குங்கள்.

வாங்குபவருக்குக் கூரியர் எவ்வளவு என்று சொல்லும் முன் பேக் பண்ணி டேப் ஒட்டி அளந்துவிடுங்கள். ‘சுமார் 200 ஆகும்’ என்று சாட்டில் சொல்லிவிட்டால் மீதியைக் கேட்க முடியாது.