புராஜெக்ட் ஜே.ஆர்.எஃப் வேலைக்குப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

பல்கலைக்கழகத்தில் புராஜெக்ட் வேலை, வாக்-இன் இன்டர்வியூ என்று விளம்பரம் பார்த்ததும் சர்டிபிகேட் ஃபைலோடு பஸ் ஏறுகிற எம்.எஸ்சி. ஆட்களுக்காகத்தான் இது. நான் வேலை பார்த்தது தென் மாவட்டத்தில் ஒரு அரசுப் பல்கலைக்கழகம், ஒரு அறிவியல் துறை, அதற்கு மேல் இங்கே சொல்ல முடியாது.

ஜே.ஆர்.எஃப் (ஆராய்ச்சிப் புராஜெக்டில் இளநிலை ஆய்வாளர் வேலை), மத்திய அரசு நிதி, மாதம் 37,000 ரூபாய், அதோடு வீட்டு வாடகைப்படி என்று விளம்பரத்தில் இருந்தது. தொகையில் பொய் இல்லை, 2023 ஜனவரியிலிருந்து அதுதான் ரேட், அதற்கு முன்னால் 31,000. மூன்று வருடப் புராஜெக்ட், வந்ததும் பிஎச்.டி. பதிந்துகொள்ளலாம் என்றார் பேராசிரியர். மூன்று வருடமும் உண்மைதான், ஆனால் அதில் இரண்டு வருடத்துக்கு மேல் ஏற்கெனவே ஓடிவிட்டது, எனக்கு முன் இருந்தவர் பாதியில் விட்டுப்போன இடம் அது என்பதை மட்டும் இன்டர்வியூவில் யாரும் வாய் திறந்து சொல்லவில்லை.

சேர்ந்த பிறகு நியமன ஆணை கேட்டால் ஃபைல் ரிஜிஸ்ட்ரார் ஆபீஸில் இருக்கிறது என்பார்கள். சம்பளம் மாதாமாதம் வராது. சரி, அது பல இடங்களில் உள்ளதுதான், முந்தைய வருடச் செலவுக்கான யு.சி., அதாவது பணத்தைப் பயன்படுத்தியதற்கான சான்றிதழ், போய்ச் சேர்ந்தால்தான் டெல்லியிலிருந்து அடுத்த தவணை இறங்கும். நான் கொதித்தது அதற்கில்லை. நிலுவை மொத்தமாக என் அக்கவுண்டில் ஏறிய அன்றே சார் கூப்பிட்டு, மாதத்துக்கு 12,000 கணக்குப் போட்டு ரொக்கமாக எடுத்து வா, லேபுக்குக் கெமிக்கல் வாங்கணும் என்றார். சீனியர் அண்ணன் ஒருவர், "எல்லாரும் கொடுத்ததுதான் தம்பி, கைடைப் பகைச்சுக்காதே" என்றார். அதே புராஜெக்டில் ஃபீல்டு அசிஸ்டென்டாக இருந்த அக்கா வவுச்சரில் ஒரு தொகைக்குக் கையெழுத்துப் போட்டு வேறொரு தொகை வாங்கிக்கொண்டிருந்தார், பாவம், அவருக்குப் பேசவே பயம்.

நான் கொடுக்கவில்லை. அப்புறம் லேப் சாவி கைக்கு வரவில்லை, இளநிலை மாணவர்களின் டெஸ்ட் பேப்பர் கட்டுக்கட்டாக வந்தது, பிஎச்.டி. பேச்சு நின்றுபோனது. விலகினேன், அனுபவச் சான்றிதழ் இன்னும் தரவில்லை.

பிறகு தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி அந்தப் புராஜெக்டுக்கு நிதி ஒதுக்கிய சாங்ஷன் ஆர்டரைக் கேட்டேன், முப்பது நாளில் பதில் தரவேண்டும் என்பது சட்டம். வந்த நகலில் ஆள் சம்பளம் ஒரு தலைப்பு, கெமிக்கல் போன்ற பொருட்களுக்குத் தனித் தலைப்பு, அதற்குத் தனியாகப் பணம். அப்படியானால் என் 12,000 எந்தக் கெமிக்கலுக்கு?

இன்டர்வியூவுக்குப் போகிறவர்கள் வெட்கப்படாமல் கேளுங்கள்: புராஜெக்ட் எந்தத் தேதியில் முடிகிறது, முன்னால் இருந்தவர் ஏன் போனார், நியமன ஆணையில் கையெழுத்துப் போடப்போவது பேராசிரியரா, ரிஜிஸ்ட்ராரா. முடிந்தால் அந்தப் பழைய ஆளையே தேடிப் பேசுங்கள், துறையில் யாரிடமாவது அவர் நம்பர் இருக்கும்.

ரிஜிஸ்ட்ராருக்குப் பதிவுத் தபாலில் புகார் தயாராகிறது. அந்த லேபிலிருந்து வெளியே வந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் இன்பாக்ஸில் வாருங்கள், இன்னும் இரண்டு கையெழுத்து சேர்ந்தால் நல்லது.