முகமா, லெவலா?

எந்த ஆன்லைன் ஆர்பிஜி (நாமே ஒரு கேரக்டராகி ஆடும் வீடியோ கேம்) ஆடலாம் என்று புதுச்சேரியில் என்னிடம் கேட்கும் தம்பிகளில் பாதிப் பேர் கேரக்டர் உருவாக்கும் திரையிலேயே மயங்கியவர்கள். மீதிப் பேருக்கு லெவல் ஏறணும், கியர், அதாவது ஆயுதமும் கவசமும், சேர்க்கணும். நான் இரண்டாவது கட்சி. ஆனாலும் முதல் கட்சியின் ஆசையை லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

உருவம் செதுக்க வேண்டுமா, கொரியாவின் பேர்ல் அபிஸ் செய்த பிளாக் டெசர்ட்தான். கன்னம், தாடை, மூக்கு என்று ஒவ்வொன்றையும் பிடித்து இழுத்துச் சரிசெய்யலாம். லாஸ்பேட்டைத் தம்பி ஒருவன் ஒரு சாயங்காலம் முழுக்க மூக்கிலேயே நின்றான். "எங்க தாத்தா மூக்கு அப்படியே வரணும்ணா" என்றான். வந்துவிட்டது. நிறம்தான் பாடாய்ப் படுத்தியது. ஒரு வெளிச்சத்தில் நம்ம ஊர் மாநிறம், இன்னொன்றில் வெளிறிய முகம். விடாமல் மாற்றி மாற்றிப் பார்த்துக் கறுப்பு நிறத்தைக் கூட்டினான். நம் சாயலில் ஒருவன் அந்த உலகத்தில் வாள் ஏந்தி நடப்பது சின்ன சந்தோஷம் இல்லை.

ஆனால் ஆட்டம் தொடங்கியதும் கேமரா முதுகுப் பக்கம் போய்விடும். ஹெல்மெட் மாட்டினால் மூக்கும் போச்சு. பிறகு கையில் மிஞ்சுவது வளர்ச்சிதான், அங்கே இதே கேம் கொடுமை செய்கிறது. மேல்படிகளில் கியரை ஏற்றும்போது தோற்றால் ஒரு படி கீழே இறங்கிவிடும். பல வாரத்து உழைப்பு ஒரு கிளிக்கில் கரைவதை என்னால் ஏற்க முடியவில்லை.

வளர்ச்சியிலும் தரம் பார்க்க வேண்டும். 2004-ல் வந்த வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் உச்ச லெவல் 60. விரிவாக்கம் வர வர அது 120 வரை போனது. 2020-ல் எல்லாவற்றையும் சுருக்கினார்கள், 120-ல் நின்றவன் 50 ஆனான். ஒவ்வொரு விரிவாக்கமும் பழைய கியரைப் பழசாக்கிவிடும். ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப் நேர்மாறு. ஒரு திறனில் 99-ஐத் தொட 1,30,34,431 எக்ஸ்பி (அனுபவப் புள்ளி) வேண்டும். 92-க்கு வந்தால்தான் பாதி தூரம். செய்ததையே திரும்பத் திரும்பச் செய்யும், மலைக்க வைக்கும் கிரைண்டுதான், ஆனால் எடுத்த லெவலை யாரும் பறிப்பதில்லை.

சேதராப்பட்டிலோ கடலூர் சிப்காட்டிலோ ஷிப்ட் முடித்து வந்து ராத்திரி ஒரு மணி நேரம் ஆடுகிறவருக்கு இதுதான் முக்கியம். ஆறு மாதம் கழித்து லாகின் செய்தாலும் சேர்த்தது செல்லுபடியாக வேண்டும். அதனால் நான் முதலில் சொல்வது கில்ட் வார்ஸ் 2. 2012-ல் உச்ச லெவல் 80, இன்றைக்கும் 80. மாதச் சந்தாவும் இல்லை.

தோற்றம், வளர்ச்சி இரண்டையும் சரியாக முடிச்சுப் போட்டது சிட்டி ஆஃப் ஹீரோஸ் என்ற சூப்பர்ஹீரோ கேம். உடை அலங்காரத்துக்குப் பேர் போன கேம், ஆனாலும் முதுகில் கேப் (தோளில் தொங்கும் நீளத் துணி) பறக்கவிட அன்றைக்கு லெவல் 20 ஆக வேண்டியிருந்தது, அதற்கென்று ஒரு மிஷனும் முடிக்க வேண்டியிருந்தது. கேப்போடு ஒருவர் பறந்தால், அவர் ஆடிய ஆட்டம் பார்க்கிறவருக்குத் தெரிந்துவிட்டது. காசு கொடுத்து வாங்கும் ஸ்கின்னில், அதாவது அலங்காரத் தோற்றத்தில், அந்த மரியாதை எங்கே? 2012-ல் மூடினார்கள். ரசிகர்கள் நடத்தும் ஹோம்கமிங் சர்வருக்கு 2024-ல் கேமின் உரிமையாளரான என்சிசாஃப்ட் உரிமம் தந்துவிட்டது, இப்போது இலவசமாகவே ஆடலாம். தாத்தா மூக்கெல்லாம் அங்கே வராது. கேப் வரும்.